ரூஃபஸ் அவிழ்த்த முடிச்சு

லூயிவில் பைலட்ஸ் கூடைப்பந்து அணியின் உடைமாற்றும் அறைதான் ரூஃபஸ் பெட்டவேயின் ராஜ்ஜியம். வேர்வைச் சட்டைகளைத் துவைப்பது, ஷூக்களுக்கு நாடா கோர்ப்பது, யாருக்கு எந்தத் துண்டு பிடிக்கும் என்று நினைவில் வைப்பது எல்லாம் அவர் வேலை. அதற்கு முன் ஒரு மருத்துவமனையின் சலவை வண்டியை ஓட்டினார். நகரின் மேற்குப் பக்கம் பிறந்து, அங்கேயே லூயல்லாவைக் கல்யாணம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்.

"இந்த மனுஷனுக்கு ஆசைன்னு ஒண்ணுமே கிடையாது. துவைக்கிற சோப்புல எல்லாம் போயிருச்சு" என்று லூயல்லா கேலி செய்வாள்.

ஒன்று இருந்தது. ஜவான் க்ரீல் ஒரே ஒரு தடவை கோப்பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஜவான் பத்தொன்பது வயதில் இந்த அணிக்கு வந்தான். முதல் ஆட்டத்தன்று பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் லாக்கருக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, ரூஃபஸ் தன் மதியச் சாப்பாட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். கம்பு நிறத்து ரை ரொட்டிக்குள் பொரித்த மீன். அன்றைக்கு அவன் நன்றாக ஆடிவிட்டான். அதிலிருந்து சொந்த ஊரில் ஆட்டம் என்றால் மீன் ரொட்டி வாங்கி வருவது ரூஃபஸின் பொறுப்பாகிப் போனது. பெரிய ஊர்களிலிருந்து ஜவானுக்கு அழைப்புகள் வந்தன. அவன் போகவில்லை. "இங்க மீன் நல்லா இருக்கு மாமா" என்பான்.

மீன் நன்றாக இருந்தது, அணிதான் சரியில்லை. வருஷா வருஷம் கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுகள் வரை வந்து, முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ பெட்டியைக் கட்டும். ஜவானின் முழங்கால்கள் தேய்ந்தன. இந்த வருஷத்தோடு அவன் ஆட்டம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தபோதுதான் பைலட்ஸ் திடீரென்று விழித்துக்கொண்டது. கீலன் அஸ்க்யூ என்ற புதுப் பையன், யாரும் பேர்கூட கேள்விப்படாதவன், எதிரணிகளின் பெரிய ஆட்டக்காரர்களை நிழல்போல ஒட்டிக்கொண்டு மூச்சுவிட விடவில்லை. ஜவான் வலியை விழுங்கிக்கொண்டு பந்தைக் கூடைக்குள் போட்டான். இறுதிச் சுற்றில் சியாட்டிலோடு மோதினார்கள். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் கோப்பை. மூன்றை ஜெயித்தாகிவிட்டது. ஆறாவது ஆட்டம் சொந்த ஊரில்.

கோப்பை ஜெயித்தவர்கள் அறைக்குள் வந்ததும் ஷாம்பெயினைப் பீய்ச்சியடிப்பார்கள். துணிமணி நனையாமலிருக்க லாக்கர்களைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும். அன்று காலையே ரூஃபஸ் விரிப்புகளை வெட்டி, ஒவ்வொரு லாக்கருக்கு மேலும் பாய்போலச் சுருட்டி நூலால் கட்டிவிட்டார். நூலை இழுத்தால் விரிப்பு கீழே இறங்கும். ஆனால் ஆட்டம் முடிந்த ஹாரன் அடிப்பதற்கு முன்னால் இழுக்கக் கூடாது. அது அவர் வைத்திருந்த சட்டம். முன்கூட்டி இறக்கினால் கோப்பை ஓடிப் போய்விடும் என்று அவர் நம்பினார். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருமே அப்படித்தான்.

நாலாவது கால்பகுதியில் டிவிக்காரன் ஒருவன் வந்து நச்சரித்தான்.

"பெரியவரே, இப்பவே இறக்கிருங்களேன். லைட் பாக்கணும்."

"ஹாரன் அடிக்கட்டும்."

"ஏழு பாயிண்ட் முன்னாடி இருக்கோம்! இன்னும் ரெண்டு நிமிஷம்கூட இல்ல."

"நீ என்ன எனக்குக் கணக்கு வாத்தியாரா? ஹாரன் அடிக்கட்டும்னேன்."

அவன் முனகிக்கொண்டே ஆட்டம் பார்க்க ஓடினான். ரூஃபஸ் தனியாக நின்றார். சுவரில் இருந்த டிவியில் ஜவான் முப்பத்தெட்டாவது பாயிண்ட்டைப் போட்டான். இப்போது ஒன்பது பாயிண்ட் முன்னிலை. அரங்கத்தின் சத்தத்தில் தரை அதிர்ந்தது. எதிரே அவனுடைய லாக்கர். கொக்கியில் அவன் கோட்டு, உள்பக்கம் அவன் மகளின் படம், கீழே மீன் ரொட்டி சுற்றி வந்த எண்ணெய்க் காகிதம். ரூஃபஸின் கை தானாக மேலே போனது. எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு உடனே சுருட்டிவிடலாம். இந்த ஒன்றை மட்டும்.

நூலை இழுத்தார். விரிப்பு சரசரவென்று இறங்கி, மகளின் படத்தையும் கோட்டையும் பனிமூட்டம்போல மூடியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அரங்கம் சட்டென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தார். டிவியில் ஜவான் தரையில் கிடந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுபடி சுருட்ட நேரமில்லை. ஃபிசியோவும் இன்னொருவரும் ஜவானைத் தோளில் தாங்கி அறைக்குள் கொண்டுவந்து மேசையில் கிடத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டே அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். எல்லா லாக்கரும் திறந்திருக்க, தன்னுடையது மட்டும் மூடியிருந்தது.

"என்ன மாமா, எனக்கு மட்டும் மழை வருதா?"

ரூஃபஸ் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தார். "சும்மா... எப்படி இருக்கும்னு பாத்தேன்டா."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப விடு. இருக்கட்டும்." அவன் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிவியில் சியாட்டில் தூரத்திலிருந்து ஒரு மூன்று பாயிண்ட் பந்து போட்டது. இன்னொன்று. பிறகு பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி ஒன்று. ஒன்பது பாயிண்ட் ஒன்றாகச் சுருங்கியது. யாரும் தடுக்காமல் கூடையில் போட கீலனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. கடைசியில் சியாட்டிலின் நெட்டையன் விட்ட பந்து கூடைக்குள் விழுந்தபோது ஹாரன் அடித்தது.

காலை முதல் ரூஃபஸ் காத்திருந்த ஹாரன்.

"மாமா," ஜவானின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "பசங்க வர்றதுக்குள்ள அத எடுத்துரு. கீலன் பாக்கக் கூடாது."

ரூஃபஸ் நகரவில்லை. ஜவானே ஒற்றைக் காலில் நொண்டி வந்து ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தான். அப்புறம்தான் ரூஃபஸுக்குக் கை வந்தது. இருவருமாகக் கிழித்தார்கள். ஃபிசியோ ஷாம்பெயின் பாட்டில்களைச் சலவை அறைக்குள் தள்ளினார். ஐஸ் தொட்டி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

முதலில் வந்தவன் கீலன். துண்டால் முகத்தை மூடியிருந்தான். துண்டை எடுத்ததும் அவன் கண் ஜவானின் கையிலிருந்த பிளாஸ்டிக்கில் பட்டது.

"அது என்னண்ணே?"

"இதுவா? கால்ல ஐஸ் கட்டணும்டா. பை இல்ல. மாமாகிட்ட கேட்டேன், எதையோ கிழிச்சுக் குடுத்தாரு. நீ போய் உக்காரு. இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு."

சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டியிருந்தது. ரூஃபஸ் மண்டியிட்டு, ஷாம்பெயினுக்காக வைத்திருந்த ஐஸை அள்ளி, கோப்பைக்காக வெட்டிய பிளாஸ்டிக்கில் கொட்டி, ஜவானின் வீங்கிய முழங்காலைச் சுற்றிக் கட்டினார். மற்ற லாக்கர்களுக்கு மேல் சுருள்கள் கட்டியபடியே இருந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாவது ஆட்டம் சியாட்டிலில். ஜவான் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான். கீலன் உயிரைக் கொடுத்து ஆடினான். ஆனால் பாதி ஆட்டத்திலேயே கோப்பை கைவிட்டுப் போய்விட்டது.

எல்லோரும் பேருந்துக்குப் போன பிறகும் ஜவானும் ரூஃபஸும் அறையிலேயே இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், சியாட்டிலின் அறையில், ஷாம்பெயின் மூடிகள் வெடித்தன. யாரோ கத்தினார்கள், யாரோ பாடினார்கள். நடுவில் பிளாஸ்டிக் படபடக்கிற சத்தம்.

"அந்த முடிச்ச நான் அவுத்திருக்கக் கூடாதுடா" என்றார் ரூஃபஸ்.

"முடிச்ச அவுத்தா தோப்போம்னா, அந்த முப்பத்தெட்டு பாயிண்ட்ட போட்டது யாரு? உன் நூலா?"

"திட்டிரு ஜவான். ஒரு தடவ திட்டிரு."

ஜவான் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"என் லாக்கர் மூடியிருந்தத ஒரு நிமிஷம் பாத்தேன்ல. அது போதும்னு உங்கிட்ட சொல்லணும்னு விமானத்துல யோசிச்சுக்கிட்டே வந்தேன்." சுவரைப் பார்த்தபடி சொன்னான். "போதல மாமா."

ஊருக்குத் திரும்பியதும் ரூஃபஸ் சலவை மூட்டையை அவிழ்த்தார். வேர்வை நாறும் சட்டைகளுக்கு நடுவே ஜவானின் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத் துவைக்கத் தேவையே இல்லை. சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மற்றவற்றோடு சேர்த்து அதையும் இயந்திரத்துக்குள் போட்டார்.