ராக்கெட் குச்சி விழுந்த முகம்

பிள்ளை பெற்றபின் சிவகாசி அச்சகத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தபோது என் பழைய மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கிடைத்தது பட்டாசுப் பெட்டிகளின் முதுகு. முன்பக்கம் படம், அது இப்போது என் மேசையில் இருந்த டிசைனரின் ராஜ்யம். பின்பக்கம் எச்சரிக்கை வாசகங்கள், அதில் எழுத்துப் பிழை பார்ப்பது நான். பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும். கையை நீட்டித் தள்ளி நின்று பற்றவைக்கவும். பருத்தி ஆடை அணியவும். இந்தியாவிலேயே இதை முழுக்க வாசித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசித்து வாசித்து, வீட்டு ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூடக் கையை நீட்டித் தள்ளி நின்று ஏற்றும் அளவுக்குப் போய்விட்டேன்.

என் கணவர் விருதுநகரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் தீபாவளியன்று டியூட்டி அவருக்குத்தான். "ஒங்களுக்கென்ன பண்டிகையா" என்று மற்றவர்கள் ஜாலியாக லீவு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் இவர் வந்து, யாருக்கு எங்கே சுட்டது என்று காபி குடித்துக்கொண்டே சொல்வார். அதைக் கேட்டுவிட்டு நான் மூன்று வயது மகளின் கவுனை எல்லாம் எடுத்து வைத்து, எது பருத்தி, எது இல்லை என்று நூலை இழுத்துப் பார்ப்பேன்.

அப்படி இருக்கையில் டிசைனர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அதே வாரம் ஒரு வெடிக் கம்பெனிக்காரர், கிஃப்ட் பெட்டிக்கு மேலே ஒட்டப் 'பழைய வெள்ளைக்காரன் படம்' வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் கொண்டுவந்த தேயிலை டப்பாவைப் பார்த்து வந்த ஆசை. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம்.

"இந்த லேபிள நீ பாரும்மா. நல்லா வந்தா மேச ஒனக்கு. இல்லன்னா வெளிய ஆள் பாக்கணும். நீ முதுகப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தேடியதில் வெளிநாட்டு நூலகம் ஒன்றின் இணையதளத்தில் அந்த ஓவியர் கிடைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர். பத்திரிகையில் புகைப்படம் அச்சிட முடியாத காலம் அது. வாராந்திரச் செய்திப் பத்திரிகை ஒன்று, கேமராவுக்குப் பதில் இவரிடம் பென்சிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. போர்முனைக்கும் போயிருக்கிறார். அங்கே கூடாரத்தில் சீட்டு விளையாடும் சிப்பாய்களை வரைந்திருக்கிறார். கடற்கரையில் காற்றோடு சண்டை போடும் சீமாட்டிகள், பனியில் சறுக்கி விழும் பிள்ளைகள் என்று வாராவாரம் ஏதாவது. அவர் வரைந்ததை அப்படியே அச்சிடவும் முடியாது. மரக்கட்டையில் வேறு ஆட்கள் செதுக்க வேண்டும். பெரிய படம் என்றால் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்து, கடைசியில் சேர்த்து முடுக்குவார்களாம். உற்றுப் பார்த்தால் வானத்தின் குறுக்கே அந்த இணைப்புக்கோடு தெரிகிறது. ஒருவர் வரைய, நாலு பேர் செதுக்க, ஆறாவது ஆள் அவசரப்படுத்தியிருப்பார். வாசித்தபோது எங்கள் கம்பெனியின் சீசன் நேரம்தான் கண்ணுக்குள் வந்தது.

அவர் படங்களில் ஒன்று நமக்கென்றே வரைந்த மாதிரி இருந்தது. அமெரிக்காவின் சுதந்திர தின இரவு. மேலே ராக்கெட்டுகள் சிதறுகின்றன. கீழே பெருங்கூட்டம், தொப்பியும் தாடியும் குடைப் பாவாடையுமாக. அத்தனை பேரும் தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா, அம்புட்டுப் பேரும் மூக்கு ஓட்டையக் காட்டிக்கிட்டு நிக்காக?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் ஊர் லேபிளில் யாரும் வெடியைப் பார்ப்பதில்லை. கொழுகொழு குழந்தையானாலும் புலியானாலும், பின்னால் என்ன வெடித்தாலும், வாங்குகிறவரைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

"மேல ராக்கெட்டப் பாக்குறாங்க அண்ணாச்சி."

"வரைஞ்சவருக்கு ஏதும் குடுக்கணுமா?"

"அவரு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப நல்ல மனுசன். போடு."

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றினேன். புரூஃப் எடுத்ததும் வெடிக் கம்பெனிக்காரர் வந்தார், அண்ணாச்சி வந்தார், மிஷின் ஓட்டுகிற அண்ணனும் வந்து நின்றார். எல்லோரும் வானத்தையே பார்த்தார்கள். "பச்ச பத்தாது." "செவப்ப இன்னுங்கொஞ்சம் தூக்குங்க." "இங்கன ஒரு பூ விரியட்டும்." வெடி செய்கிற ஊரில் வெடிச் சித்திரத்தை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? கூட்டத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நானும் தொப்பிகளுக்கெல்லாம் மொத்தமாக ஒரே பழுப்பை ஊற்றியவள்தான். கம்பெனிக்காரர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அச்சுக்குப் பிளேட் போட வேண்டும்.

போகும்போது அண்ணாச்சி சொன்னார்: "ஓரத்துல புல்லுக்குள்ள என்னமோ கிறுக்கியிருக்கு பாரு. எடுத்துரு."

அது ஓவியரின் கையெழுத்து. எடுக்க மனசில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அதைப் புல் மாதிரியே விட்டுவிட முடியுமா என்று போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமத்தூர் பக்கம் பஸ் குலுங்கியதில் விரல் நழுவி, படம் கூட்டத்தின் நடுவுக்குப் போய் நின்றது.

அங்கே ஒரு மனிதர். தாடி, தொப்பி, அண்ணாந்த முகம். எரிந்து தீர்ந்த ராக்கெட்டின் நீளக் குச்சி மேலிருந்து வந்து நேராக அந்த முகத்தில் குத்தி நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் கவனிக்கவில்லை, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபடி இருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கு மட்டும் வானம் பதில் சொல்லியிருந்தது. ஓவியர் வேண்டுமென்றேதான் வரைந்திருக்கிறார், வேடிக்கைக்கு. செய்திப் பத்திரிகைக்காரர், நடந்ததை விடுவாரா?

பெட்டியின் பின்பக்கம் 'தள்ளி நின்று' என்று நான் பிழை திருத்துகிறேன். முன்பக்கம் ஒருவர் முகத்தில் குச்சியை வாங்கிக்கொண்டு நிற்கிறார். தேர்ந்தெடுத்ததும் நான்தான். சொன்னால் மேசை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம், மூன்று பேர் பார்த்தும் தெரியவில்லையே. ஆனால் தீபாவளிக்கு ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அந்தப் பெட்டியைப் பார்த்து "அம்மா, இந்த மாமாக்கு என்ன ஆச்சு" என்று கேட்டால்? அதைப் படம் பிடித்து யாராவது போனில் பரப்பினால்? பட்டாசு ஊர்க்காரர்களே போட்ட படம் என்று ஊரே சிரிக்கும். சிரித்தாலாவது பரவாயில்லை.

வீட்டில் கணவரிடம் போனை நீட்டினேன். மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையால் வாங்கி, தொழில் சிரத்தையோடு பார்த்தார்.

"கண்ணுல படல. மூக்குத் தண்டுதான். தையல் போட்டா சரியாப் போயிரும்."

"ஏங்க, நான் என்ன செய்யன்னு கேக்கேன்."

"சொல்லிரு. சொல்லலைன்னா தீபாவளி வரைக்கும் நீயும் தூங்க மாட்ட, என்னயும் தூங்க விடமாட்ட."

காலையில் பிளேட் ரூமுக்கு முன்னால் போய் அண்ணாச்சியை மறித்தேன். போனைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. பிறகு கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"வீட்டுக்காரர்ட்ட மட்டும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"தையல் போட்டா சரியாப் போயிரும்னாரு."

"பார்ட்டிகிட்ட அதச் சொல்ல முடியாதுல்ல. சாயங்காலம் வரச் சொல்லுதேன். அதுக்குள்ள சரி பண்ணு. கம்பெனி லோகோவத் தூக்கி அந்தாளு மூஞ்சில வையி."

வைத்தேன். முகம் மறைந்தது. குச்சி மறையவில்லை. லோகோவின் நெற்றியில் யாரோ ஈட்டி எறிந்த மாதிரி ஆனது. குச்சியை மட்டும் அழித்தேன். இப்போது அந்த மனிதர் காரணமே இல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார், வெடியின் தரம் பிடிக்காதவர் போல. கடைசியில் ஆளையே எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் விட்டேன். அது ஒரு தொப்பிமேல் இன்னொரு தொப்பியை வைத்தது. மறுபடி கேட்டதற்கு, கையில் செல்போனோடு ஒருவரை நிறுத்தியது.

வேறு வழியில்லை. நானே கம்ப்யூட்டர் பேனாவை எடுத்து, மரக்கட்டையில் செதுக்கிய அதே வரிவரியான கோடுகளில், ஒரு பெண்ணை வரைய ஆரம்பித்தேன். தொப்பி வந்தது, தோள் வந்தது. அண்ணாந்த முகம் மட்டும் வரவில்லை. தாடை ஒரு பக்கம் போனது, மூக்கு ஒரு பக்கம். அழித்து அழித்து வரையும்போதுதான் எனக்கே தெரிந்தது: மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து நான் ஒரு ராக்கெட்டையும் பார்த்ததில்லை. தெரு முழுக்க 'ஆ' என்று அண்ணாந்து நிற்கும்போது, நான் அவள் கவுன் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அதை வரைந்தேன். குனிந்த தலை, பாவாடைப் பக்கமாக நீண்ட கை. பிள்ளையை வரைய இடமில்லை. முன்னால் நிற்பவரின் கோட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதாக வைத்துக்கொண்டேன்.

முடித்ததும் வேறு பயம் பிடித்தது. பெரிய ஓவியரின் படத்தில் கை வைத்துவிட்டேனே. அவர் பிற்காலத்தில் பத்திரிகை வேலையே வேண்டாமென்று விட்டுவிட்டுக் கடலை வரையப் போய்விட்டாராம். ஏன் போனார் என்று புரிந்தது. மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு பிரிண்ட் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்த கம்பெனிக்காரர் வழக்கம்போல வானத்தில் ஆரம்பித்தார். பச்சை சரி. சிவப்பு சரி. தப்பித்தோம் என்று நினைத்தபோது விரல் மெதுவாக இறங்கியது.

"எல்லாரும் மேல பாக்காக. இந்தம்மா மட்டும் ஏன் கீழ பாக்குது? நம்ம ராக்கெட்டு பிடிக்கலியா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அங்கே நான் என்ன வரைந்தேன் என்று அவருக்கும் தெரியாது.

"கூட புள்ள இருக்கு சார்," என்றேன்.

"எங்கன? தெரியலியே."

"அவளுக்குத் தெரியும் சார்."

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான். கம்பெனி வச்சிருக்கது நான், ஒரு வெடி வைக்க விடமாட்டா," என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். "இருக்கட்டும். கடையில வந்து வாங்குறது அவுகதானே."

அவர் போனதும் அண்ணாச்சி என் பழைய மேசையின் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காருவதா வேண்டாமா என்று யோசிக்குமுன் சொன்னார்: "உக்காரும்மா. அப்படியே முதுகையும் நீயே பாத்துரு. ஒனக்குத்தான் கண்ணு கீழ போகுது."

ஆக, இப்போது எனக்கு முன்பக்கமும் உண்டு, பின்பக்கமும் உண்டு. சம்பளம் பற்றி இன்னும் பேச்சு வரவில்லை.

பெட்டி சீசனுக்குக் கடைக்கு வந்துவிட்டது. புல்லுக்குள் இருக்கும் அந்தக் கையெழுத்தை நான் எடுக்கவில்லை. ஒரு கோட்டைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, புல்லோடு புல்லாக விட்டுவிட்டேன். அண்ணாச்சி மேலே பார்ப்பவர்.