குன்றைப் பிடித்ததன் விளைவுகள்

1999 செப்டம்பர் 15, புதன்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றில் இறைத்துக் குளித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்தேன். மதியம் காலாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்தேன். மாலையில் சரித்திர டீச்சரும் நானும் வழக்கம்போல் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்று வீடு திரும்பினோம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

டீச்சரின் ஒரே மகன் அந்த ஜூனில் கார்கில் சண்டையில் ஒரு குன்றைப் பிடிக்க ஏறியபோது இறந்துபோனான். கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று விமானம் ஏறியபோது பட்டாளத்தில் சேர்ந்தவன். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவன் அப்பா வயல் பக்கமே போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தும் சம்பாவுக்கு நாற்று விடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் ஒன்றையே கேட்பார். "ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் சண்டைப் பாடம் நடத்துறியே, நம்ம பிள்ளை போனதுல என்ன ஆச்சுன்னு சொல்லு." டீச்சர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். எந்தப் போரையும் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று பிரித்து எழுதவைப்பவர் அவர். பிளாசியோ வாட்டர்லூவோ, போர் எங்கே திரும்பியது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

அன்று மாலை, மகனோடு ஒரே படைப்பிரிவில் இருந்த பையன், விடுப்பில் ஊர் வந்தவன், டீச்சரைப் பார்க்க வந்தான்; நானும் கூட இருந்தேன். அவனும் டீச்சரிடம் படித்தவன்தான். டீச்சரின் கணவர் கண் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தார். கொடுத்த காப்பியைப் பையன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குன்றைப் பிடிச்சதுல என்னடா விளைவு?" என்று கேட்டார் டீச்சர்.

"அதுதான் டீச்சர் திருப்புமுனை. மேல உக்காந்துக்கிட்டு ரோட்டைச் சுட்டுக்கிட்டே இருந்தானுங்க. நம்ம பய ஏறினதாலதான் வழி திறந்துச்சு. அப்புறம் மூணு மலையும் வரிசையா நம்ம கைக்கு வந்துடுச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பரீட்சையிலயும் நீ இப்படித்தான்டா. பதில் தெரியலைன்னா பக்கம் பக்கமா எழுதுவே. முட்டைதானே போட்டேன்?"

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

"ஒண்ணும் ஆகலை டீச்சர். பிடிச்சோம். மறுநாளே எறங்கி வரச் சொல்லிட்டாங்க. வேற பக்கமா வழி கிடைச்சிடுச்சாம். அந்தக் குன்று தேவைப்படலை."

"இப்பதான்டா ஒழுங்கா பதில் சொல்லியிருக்கே" என்றார் டீச்சர். அழவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போதும் பள்ளியில் போர்ப் பாடம் நடக்கும் வகுப்பைக் கடக்கும்போது என் நடை தயங்குகிறது. தேவைப்படாமல் போன குன்றுகளுக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அவற்றிலும் யார் வீட்டுப் பிள்ளையோ ஏறியிருப்பான்.

பையன் வந்துபோன மறுநாள் காலை பால் வாங்குவதற்காகக் கதவைத் திறந்தேன். இரவு கடைசி பஸ்ஸில் வந்திருந்த கணவரிடம் காப்பியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வாசலில் டீச்சர் பாடம் நடத்தும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுதாங்க திருப்புமுனை. நம்ம பிள்ளை ஏறினதாலதான் வழி திறந்துச்சாம். அப்புறம் மூணு மலையும் வரிசையா நம்ம கைக்கு வந்துடுச்சாம்."

"மூணுமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க. மூணும்."