சாம்பலில் நடந்த சம்மனசு

ஸ்ட்ரெதத்தில் ஒரு கீழ்த்தள வீட்டில் வாழும் மெற்றில்டா, கண் விழித்ததும் முற்றம் கூட்டாமல் செபம் சொல்வதில்லை. மன்னாரிற் பழகிய கை. லண்டனின் சீமெந்துப் பின்வளவையும் அது விட்டுவைக்கவில்லை. சென்ற வைகாசியில் அந்தக் கைதான் வினையாயிற்று.

மாடியில் குடியிருக்கும் நயேலி, மெக்சிக்கோவின் சப்போதெக் இனத்தவள். பரிசோதனைத் திரைப்படங்கள் எடுப்பவள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு விலங்கின் உயிர் பிணைந்திருக்கும், ஆயுள் முழுவதும் அது காவல் நிற்கும் என்பது அவளுடைய ஊராரின் நம்பிக்கை. அவ்விலங்கை அறிவதற்கு வாசலிற் சாம்பல் பரப்பி, விடிந்ததும் அதிற் பதிந்த தடத்தைப் பார்ப்பார்கள். குழந்தை வீட்டுக்கு வரும் முதல் இரவு மட்டுமே இதற்கு உரியது என்பது அவள் குடும்ப வழக்கம். வசனமோ கதையோ இன்றி, அந்தத் தடத்தை மட்டும் காட்டும் படம் ஒன்றை எடுத்து, படச்சுருளிலும் அதே சாம்பலைத் தேய்க்க எண்ணியிருந்தாள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு காவல் தேவதூதர் உண்டு என்ற கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ந்த மெற்றில்டாவுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

“இது எங்கட காவல் சம்மனசுதானே,” என்று பின்வளவைத் திறந்துவிட்டார்.

“வால் வைச்ச சம்மனசு,” என்றார் கணவர் கிறிஸ்துராஜா.

“நீங்கள் பிறக்கேக்க சாம்பல் போட்டிருந்தால் நத்தைதான் வந்திருக்கும்.”

மாடியில் தனி வாசல் இல்லாததால், குழந்தை வீட்டுக்கு வந்த அன்றிரவு நயேலி அங்கேயே சாம்பலைப் பரப்பினாள். மறுநாட் காலை, குழந்தையும் கமராவுமாக நயேலி இறங்கி வந்தபோது பின்வளவு பளிச்சென்று இருந்தது. விளக்குமாற்றுடன் நின்ற மெற்றில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இஞ்சேருங்கோ, நான் கூட்டிப்போட்டன். முழுக்கக் கூட்டிப்போட்டன்.”

நயேலி குழந்தையை அணைத்தபடி படியில் அமர்ந்தாள்.

“சம்மனசெல்லோ, காலைத் துடைச்சுப்போட்டுத்தான் போயிருக்கும்,” என்றார் கிறிஸ்துராஜா.

“இப்ப உங்களுக்குப் பகிடி,” என்று சீறியவர் சட்டென நின்றார். காலைத் துடைக்காமற் போயிருந்தால், ஒட்டிய சாம்பல் எங்காவது பதிந்திருக்க வேண்டுமே. வேலியோரமாகக் குனிந்து தேடிக்கொண்டே சென்றார்.

குப்பைத் தொட்டியின் கறுப்பு மூடியில், நகங்களோடு தெளிவாக, நரியின் வெண்ணிறத் தடங்கள்.

நயேலி சிரித்தாள், சிரிப்பின் நடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். குழந்தையை மெற்றில்டாவிடம் கொடுத்துவிட்டுக் கமராவை முடுக்கினாள்.

“ராவில வந்து என்ர குப்பைப் பையைக் கிழிக்கிறவர்தான் இவர். இனி விரட்டிக் கலைக்கவும் ஏலாது,” என்றார் மெற்றில்டா.

“சம்மனசைக் கலைக்கிறது பாவமப்பா,” என்றார் கிறிஸ்துராஜா.

மூடியில் நிழல் விழாதபடி கணவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, மெற்றில்டா குழந்தையின் காதருகே குனிந்தார்.

“கள்ளன்தான், பிள்ளை. ஆனால் கெட்டிக்காரன்.”