சூடானால் நின்றுவிடும் கார்

ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் சீதாலெட்சுமி. பாசாரில் மீன் வாங்கினாலும் செவுளைப் புரட்டிப் பார்க்காமல் நகரமாட்டாள். புருஷன் சபாபதிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு, வீட்டருகே கிள்ளானில் இடம் கிடைக்காமல், வாரம் மூன்று நாள் அவரைப் பிரிக்பீல்ட்ஸ் டயாலிசிஸ் மையத்துக்குத் தன் பழைய கஞ்சில் காரில் ஏற்றிப் போகிறாள்.

மெக்கானிக் லோகனின் பட்டறையில் தண்ணீர் பம்பை மாற்றிய நாளிலிருந்து சனி பிடித்தது. கார் இருபது நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு ஹைவேயிலேயே நின்றுவிடும். ஆறவிட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி கிளம்பும். இரண்டு தடவை தாமதமாகப் போனதில் சபாபதிக்கு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் அவரால் மூச்சு விட்டுப் படுக்க முடியவில்லை.

லோகன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். முதலில் பெட்ரோல் சரியில்லை என்றான். அடுத்த தடவை, "பொம்பளைங்க கிளட்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுவீங்க. உங்க கஞ்சில் பழைய காடிலா அக்கா, எஞ்சின் என்ன செய்யும்?" என்று பல் குத்திக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டாள். நின்றதும் பானட்டைத் திறந்து, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வயரோடு இரும்பில் சாய்த்து வைத்து, சபாபதியைச் சாவி திருப்பச் சொன்னாள். தீப்பொறி இல்லை. ஆறிய பிறகு பளிச்சென்று அடித்தது. பெட்ரோலும் இல்லை, கிளட்சும் இல்லை. வயரைத் தொட்டுக்கொண்டே போனவள், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் வந்து நின்றாள். ஆயுத பூஜையன்று பேட்டரியிலிருந்து அந்தக் காயில்வரை அவள்தான் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள். மற்ற எல்லாவற்றிலும் கறை அப்படியே இருந்தது. காயிலில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. அது அவளுடையதே இல்லை.

பட்டறையில் லோகன் அவளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "கத்தாதீங்க அக்கா. முத்துக்குமாரு அங்கிள் காயில் போயிருந்துச்சு. அவரும் கஞ்சில்தான், அவசரத்துக்கு உங்களோடதை அவருக்கும் அவரோடதை உங்களுக்கும் போட்டேன். அவர் காடியும் சர்வீசுக்கு வந்திருக்கு. இப்பவே மாத்திடறேன்."

ஐந்தே நிமிஷத்தில் குங்குமக் கறையோடு இருந்த காயில் அவள் காருக்குத் திரும்பியது. பிசுக்குப் பிடித்ததை அவன் கூசாமல் கிழவரின் காரில் முடுக்கினான். முன்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முத்துக்குமாரு எழுந்து வந்தார்.

"ஈப்போவில மகளைப் பார்க்கப் போறன், பிள்ளை. கெட்டிக்காரப் பெடியன், டக்கெண்டு முடிச்சுப்போட்டான்."

ஈப்போ இருநூறு கிலோமீட்டர். சீதாலெட்சுமிக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சபாபதி ஒரு மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும். வாயைத் திறந்தால் சண்டை வரும், அவள் காரிலிருந்து காயிலை மறுபடி கழற்றுவான், ஒரு மணி போய்விடும். லோகன் துணியில் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்தான். அவள் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"பார்த்துப் போயிட்டு வாங்க, அங்கிள்," என்றாள்.

கார் எங்கும் நிற்கவில்லை. நான்கு மணி நேரமும் முழுதாகக் கிடைத்து, சபாபதி அன்று நன்றாகத் தூங்கினார். லோகனைப் பற்றி யார் கேட்டாலும் அவள் இன்றும் வாய் திறப்பதில்லை. அவனைத் திட்ட ஆரம்பித்தால், அந்தக் கிழவரிடம் தான் சொன்ன வார்த்தைதான் முதலில் நினைவுக்கு வந்து அருவருக்கிறது.