செழியன் வந்த காலைக்காட்சி

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், கையில் என்ன பை இருந்தது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. இதற்காக யாரும் மெனக்கெடுவதில்லை, வீடுகள் அவ்வளவு நெருக்கம். நான் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன். துணியைத் தேய்த்துக்கொண்டே தெருவைப் பார்ப்பது என் தொழிலில் சேர்த்தி.

பானுப்ரியா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில்தான் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறாள். பிள்ளை இல்லை. புருஷன் செழியன் ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறவன். முன்பெல்லாம் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று வத்தலக்குண்டு, நிலக்கோட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஜோவனின் கச்சேரிக் குழுவில் சேர்ந்து போனான். ஜோவன் பெரிய ராக் பாடகன். கிடாரை மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவான், நடுவில் திடீரென்று தாலாட்டு மாதிரி முணுமுணுப்பான். எனக்கு ஒரு பாட்டும் பிடிபடவில்லை. ஆனால் ஊர் ஊராக மைதானம் நிரம்புகிறது, அந்த மைதானத்துக்கெல்லாம் கரண்டு கொடுப்பது செழியனின் வண்டி.

போனவன் வரவே இல்லை. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், ஆள்தான் வருவதில்லை. பானு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் முதலில் டிவியைப் போடுவாள். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஒரு சத்தம் வேண்டும் என்பதற்கு. "ஒரு ஆளுக்கு என்ன வெஞ்சனம் வைக்கிறது பீவிக்கா" என்று பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியிடம் சொல்லிவிட்டு, ஊறுகாயோடு முடித்துக்கொள்வாள். பிறகு போனில் ஜோவன் கச்சேரி வீடியோக்களைப் பார்ப்பாள். ஜனங்கள் பாடகனைப் பார்க்க எடுத்துப் போட்ட வீடியோ அதெல்லாம். இவள் மேடை ஓரத்து இருட்டில் செழியனின் வண்டி நிற்கிறதா என்று தேடுவாள். தெரிந்துவிட்டால் அன்றைக்கு முகம் தெளிவாக இருக்கும்.

போன பொங்கலுக்காவது வருவான் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். "கச்சேரி மேல கச்சேரியாம். மூச்சு விட நேரமில்லன்னு போன்ல சொன்னாரு. வேல விட மாட்டேங்குது, அவரு என்ன செய்வாரு?" என்றாள். எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். பொங்கலன்று வாசலில் தனியாக அடுப்பு மூட்டினாள். பானை பொங்கியபோது, தன்னந்தனியாகக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு அப்படியே நின்றாள். ஜெய்தூன் பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது எனக்கு இஸ்திரி வண்டிவரை கேட்டது.

ஜோவன் குழுவின் அந்தச் சுற்றுப்பயணத்தைக் கூடவே போய் எடுத்த படம் திண்டுக்கல்லுக்கு வந்தது. ஒரு தியேட்டரில் காலைக்காட்சி மட்டும். "நானும் படத்துல வந்தாலும் வருவேன், ஒரு நா கேமராவ மூஞ்சிக்கிட்டயே கொண்டாந்தாய்ங்க" என்று செழியன் எப்போதோ சொல்லியிருக்கிறான். பானு அதை ஜெய்தூன் பீவியிடம் சொல்ல, பீவி ஆட்டோ ஓட்டும் பழனிக்குமாரிடம் சொல்ல, அவ்வளவுதான். மறுநாள் தியேட்டர் வாசலில் பிளக்ஸ். ஜோவன் ஒரு மூலையில் ஸ்டாம்ப் அளவுக்கு. நடுவில் ஆளுயரத்துக்குச் செழியன், கூலிங் கிளாஸ் மாட்டி, 'இந்தியாவையே அதிரவைத்த எங்கள் அண்ணன்'. காது குத்துக்கும் கருமாதிக்கும் பிளக்ஸ் வைக்கிற ஊர் இது, இதற்கு வைக்காமலா இருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு போனது. பானு பட்டுப்புடவை கட்டி, பீவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளைவரை ஜோவன் பாடினான், பஸ்ஸில் தூங்கினான், ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்தான். எங்கள் ஆட்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. "செழியண்ணே எப்படா வருவாரு?" என்று பின்னாலிருந்து பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பாடகனுக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து கையை ஆட்டிக் காபி கேட்கிறான். "பாவம், அவனுக்கும் ஆளில்ல" என்றாள் பானு. அவனை அவள் நன்றாகப் பார்த்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன். அடுத்து மைதானத்தில் மேடையைப் பிரிக்கிறார்கள். திரையில் கீழே எழுத்து வருகிறது. குழுவினர் பைகளோடு வரிசையாகப் போக, எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே கேமரா வருகிறது. வந்து நின்றது செழியனின் முகத்தில். குளித்து, தலைசீவி, தோளில் பையோடு பளிச்சென்று சிரிக்கிறான்.

"எங்கயா? வீட்டுக்குத்தேன். பொங்கலும் அதுவுமா வீட்ல இருக்கணும்ல?"

தியேட்டர் பிய்த்துக்கொண்டது. விசில், கைதட்டல், கிழித்து வைத்திருந்த காகிதமெல்லாம் பறந்தது. பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழனிக்குமார் சீட்டின் மேல் ஏறி நின்று "ஒன்ஸ் மோர்!" என்று அலறினான். தெருவே சேர்ந்து அலறியது. ஆபரேட்டர் அவனுக்குக் கூட்டாளி. படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டார்.

முதல் தடவை நாங்கள் ஆளைப் பார்த்தோம். இரண்டாவது தடவைதான் எழுத்தைப் படித்தோம். 'பொங்கலுக்கு முந்தைய வாரம். சுற்றுப்பயணம் ஒன்றரை மாதம் நிறுத்தம். எல்லோரும் வீட்டுக்கு.'

செழியன் மறுபடியும் சிரித்தான், மறுபடியும் வீட்டுக்குத்தேன் என்றான். முன்வரிசையில் ஒரு விசில் பாதியில் நின்றது. பிறகு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. எந்த வீட்டுக்கு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத்தான் என்ன இருக்கிறது? ஒரு பூனை வந்தாலும் தெரிகிற தெருவில், அவன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஜோவன் தொண்டை தேறி வந்து கடைசிப் பாட்டைப் பாடி முடிக்கும்வரை பானு அசையவில்லை. எனக்குச் செழியன்மேல் வந்த ஆத்திரத்தில் திரையைக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஆளாளுக்குச் செருப்பையும் போனையும் பார்த்தபடி நின்றோம். கடைசியில் அவளே பேசினாள்.

"பொங்கலன்னிக்கு வந்தாருல்ல பீவிக்கா. விடியக்கருக்கல்ல வந்தாரு. செத்த நேரந்தேன் இருந்தாரு, ஒடனே வேற வண்டி வேலன்னு கூப்ட்டாய்ங்க, போயிட்டாரு. ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

ஜெய்தூன் பீவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நீ சொல்லணுமாக்கும்? செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன்ல. எளச்சுக் கெடந்துச்சு புள்ள."

"எங்கிட்டச் சட்டையக் குடுத்துத் தேச்சு வாங்கிட்டுப் போனான்" என்றேன் நான். அந்த நேரத்தில் என் வண்டியில் கரி ஏது, நெருப்பு ஏது? யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு இடத்தில் அவனைப் பார்த்திருந்தார்கள். ஒருத்தர் பால் வாங்கப் போகையில், ஒருத்தர் பள்ளிவாசல் பக்கம்.

"நாந்தேன் பஸ் ஸ்டாண்டுலருந்து ஆட்டோல கூட்டியாந்து எறக்கிவிட்டேன்க்கா" என்றான் பழனிக்குமார்.

தெருவே அவனைப் பார்த்திருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர. பானு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து பழனிக்குமாரிடம் நின்றாள்.

"ஆட்டோல வாரப்ப," என்றாள், "என்னயப் பத்தி எதுவும் கேட்டாராடா?"

பழனிக்குமார் வாயைத் திறந்தான். ஒரு பொய்யும் வரவில்லை.