பேச ஆளில்லாத அழைப்பு

ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு ஷூ கடையின் மாடியில் இருந்தது எங்கள் கால் சென்டர். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை ஒரு மருத்துவமனைக்காகப் போனில் கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா, மாத்திரை போடுகிறார்களா, அடுத்த பரிசோதனைக்கு எப்போது வருவார்கள் என்று கேட்போம். பேசியவர்கள் எல்லாரும் தமிழும் உருதுவும் தெரிந்த பெண்கள். நான் சூப்பர்வைசர்.

அதுவரை எண்களைக் கையால்தான் அழுத்தினோம். யாரும் எடுக்காத மணியைக் கேட்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். தானாக டயல் செய்யும் மெஷின் வாங்கலாம் என்று முடிவு செய்த முதலாளி, எதை வாங்குவது என்பதை என்னிடம் விட்டார். இரண்டு வகை இருந்தன. ஒன்று, ஒரே நேரத்தில் பல எண்களைக் கூப்பிட்டு, எடுப்பவரைக் கையில் வேலையில்லாத பெண்ணிடம் சேர்த்துவிடும். மற்றது, நோயாளியின் விவரத்தைத் திரையில் காட்டிவிட்டுக் காத்திருக்கும். படித்துவிட்டு நாம் அழுத்தினால்தான் கூப்பிடும்.

வேகமானதை முதலில் சோதனைக்குப் போட்டோம். காலையில் பேச்சு ஓயவே இல்லை, பெண்களுக்கும் பிடித்திருந்தது. மதியம் ஷூ கம்பெனிகளில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் நிலைமை மாறியது. எங்களிடம் இருந்த எண்களில் பல, கம்பெனிக்குப் போன மகனுடையவை, மருமகளுடையவை. அவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் போனைக் கையில் எடுத்தார்கள். நிறையப் பேர் எடுக்கமாட்டார்கள் என்ற கணக்கில் கூப்பிட்ட மெஷின், பேசுவதற்குப் பெண் கிடைக்காமல், எடுத்தவர்களைச் சற்று நேரம் வெறுமனே வைத்திருந்துவிட்டுத் துண்டித்தது.

அப்படித் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் திரும்பக் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரி நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு, யாரும் பேசல. எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு மேடம்? திரும்பவும் அங்க கொண்டாந்துட்டாங்களா? நான் வேலையில சொல்லிட்டு கம்பெனி கேட்டாண்ட வந்துட்டேன்."

"ஒண்ணும் ஆகலம்மா. எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான் கூப்ட்டோம்."

"அப்ப ஏன் பேசல?"

"மெஷின் கூப்ட்டுச்சும்மா. அந்த நேரத்துல பேச ஆளு இல்ல."

"ஆளு இல்லாம எதுக்குக் கூப்புடணும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாலையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த நேரத்துல மட்டும் ஸ்பீடு கம்மி பண்ணிக்கலாமேமா?"

"பண்ணலாம் சார். ஆனா இது ஆஸ்பத்திரி போன். எடுத்து யாரும் பேசலன்னா பயந்துடறாங்க. ரெண்டு வாட்டி அப்படி ஆச்சுன்னா, அப்புறம் எடுக்கவே மாட்டாங்க."

யோசித்துவிட்டு, மருத்துவமனை வேலைக்கு மெதுவானதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். வேகமானதை, கடைகளுக்காக நாங்கள் செய்யும் பண்டிகைத் தள்ளுபடி அழைப்புகளுக்கு வாங்கிக்கொண்டார். சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு.

அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. எங்களில் நன்றாகப் பேசக்கூடிய பெண் ஒருநாள் வந்து, "அக்கா, முதல்ல போட்ட மெஷினே தேவல" என்றாள்.

"ஏன்?"

"அதுல யாருன்னு பாக்கறதுக்குள்ள பேச ஆரம்பிச்சிடுவேன். இதுல வயசு, வியாதி எல்லாத்தையும் படிச்சுட்டு நானே அழுத்தணும். சில பேருக்கு அழுத்தவே கை வரல."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் இருந்தவர் சர்க்கரை நோயால் காலை இழந்தவர். அவள் அப்பா வயதுதான் இருக்கும். எடுக்கிறவர்களைப் பற்றி அத்தனை யோசித்த நான், கூப்பிடுகிறவளைப் பற்றி யோசிக்கவே இல்லை. "இத வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, நீங்க சித்த நேரம் இங்கயே இருங்க, போதும்" என்று சொல்லி அழுத்தினாள்.

அன்றிலிருந்து அப்படிப்பட்ட அழைப்பு திரையில் வந்தால் பக்கத்தில் யாராவது ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது எங்கள் வழக்கமாகிவிட்டது. அழைப்புகளின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. முதலாளி கணக்கைப் பார்த்தார்; ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை.