அம்மா என்று அழைத்தபின்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மழை பெய்யும் மாலைகளில், தேவாலய வாசலில் குடையை உதறிக்கொண்டு நிற்பவர் அவர்தான் என்று இன்னும் எனக்குத் தோன்றும். அருகே போனால் வேறு யாரோ.

அக்கா கேரித் தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். காலைப் பனியில் மரங்கள் தரையில் நில்லாமல் மிதப்பதுபோல் தெரியும் இடம் அது. எங்களைப் பெற்ற தாய் இறந்தபோது நான் கைக்குழந்தை. எனக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். பின்னர் ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே வேதக் கல்வி பயின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஞாயிறு மாலைகளில் ஆலயத்தில் வேதபாடம் நடத்துவார். ஆதிக் கிறிஸ்தவர்களின் கடிதங்களில் அவருக்குத் தனிப் பிரியம். விசுவாசத்தால் வீட்டை இழந்தவர்கள் ஒருவரையொருவர் வீட்டுச் சொற்களாலேயே அழைத்துக்கொண்டார்கள் என்பார். "அதெல்லாம் மரியாதைக்குச் சொன்னது இல்ல. அம்மான்னு கூப்பிட்டா, அம்மாவுக்குச் செய்யறதெல்லாம் செய்யணும்."

ஒருமுறை அவர் இதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து மரியம்மா எழுந்தார். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி பிரித்துப் பிழைத்தவர். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

"டீச்சர், நான் இருக்கிற ரூம ஓனர் வித்துட்டாரு. நீங்க சொல்றபடி பாத்தா, நான் யாரு வீட்டுக்குப் போறது?"

குத்திக்காட்டும் கேள்வியல்ல அது, உண்மையாகவே கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கூட வாங்கம்மா."

செய்தி கேட்டுச் சித்தி தொலைபேசியில் அழைத்தார். "சர்ச்சில பேசறது வேறலா. நீ தனி ஆளு. அவங்க படுத்துட்டா யாரு பாக்கிறது?"

"அம்மான்னு கூப்பிட்டுட்டேனே சித்தி," என்றார் அக்கா.

இருவரும் தாயும் மகளுமாகவே வாழ்ந்தார்கள். ஆகவே சண்டையும் போட்டார்கள். ரசத்தில் உப்புக்கு ஒரு சண்டை, மடிக்காத துணிக்கு ஒரு சண்டை. பிறகு ஒரே பாயில் தூங்கிவிடுவார்கள். நான் குடியிருக்கும் கிள்ளானிலிருந்து போய் மெதுவாகக் கதவைத் திறந்தால், திரைச்சீலை அசையும். தூரத்தில் ரயில் போகும். எழுப்ப மனம் வராமல் உட்கார்ந்திருப்பேன்.

படுத்தது அக்காதான். புற்றுநோய். மருத்துவமனையில் மரியம்மா அவரைவிட்டு நகரவில்லை. புதிதாக வந்த தாதி ஒருவர், "ஆன்டி, குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் இருக்கலாம். நீங்க யாரு?" என்று கேட்டார்.

"நான் பெக்கல. ஆனா அம்மா."

தாதி நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணைத் திறக்காமலே அக்கா சிரித்தார். மறுநாள் விடியலில், மரியம்மாவின் கையைப் பிடித்தபடியே உறங்கிப்போனார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சபையாருக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் மரியம்மாவைக் கிள்ளானுக்கு அழைத்து வந்தோம். யாரையும் அம்மா என்று அழைத்துப் பழகாத எனக்கு முதலில் நாக்கு எழவில்லை. இப்போது எழுகிறது. நம் உறவினர்கள் அவரைப் பார்க்க வரவேண்டும். மதியம் அம்மா தூங்குவார், மாலையில் வாருங்கள்.

— தம்பி